துண்டின் நுனியில் இரண்டு இழுப்பு

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் சங்கு குளிக்கப் போயிருந்தபோது நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று என் பெயரில் மூன்று தோணிகள் ஓடுகின்றன. துறைமுகத்தில் என் குரல் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு சின்ன இழுப்புக்கு இன்னும் நடுங்குகிறேன்.

எங்கள் பக்கம், கடலுக்குள் இறங்கும் குளியாளின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலி அறுப்பதை எவன் விரும்புவான்? என் தங்கை புருஷனுக்கு நான் பிடித்தேன். அவன் அடியிலிருந்து இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும்.

அன்று பக்கத்துத் தோணிக்காரன் சீண்டினான். "ஏலே, காலம்பூரா அடுத்தவன் தோணியிலதான் கயிறு பிடிக்கப் போறியா?"

"அடுத்த வருசம் பாருலே, என் தோணியில ஒனக்கு வேல தாரேன்!"

இப்படி நான் அளந்துகொண்டிருந்தபோது கயிறு இரண்டு முறை வெட்டி இழுபட்டது. நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்து, பேச்சை முடித்துவிட்டுத்தான் தூக்கினேன். மூச்சில்லாமல் வந்தான். கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கியதில் உயிர் திரும்பியது. கரையில் எல்லோரும் கேட்டார்கள். "அவன் இழுக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

உயிர் வந்ததே தவிர பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார். 'கதவு', 'தண்ணீர்' என்றால் உடனே கை காட்டினான். கண்ணால் பார்க்க முடியாத சொற்களில்தான் வினோதம். 'ஐந்து' என்றால் விழித்தான். 'நாளைக்கு' என்றாலும் அதே விழிப்பு. ஆனால் 'பயம்' என்றதும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டான். 'வெட்கம்' என்றால் தலை கவிழ்ந்தது. 'நியாயம்' என்றதற்கு டாக்டர், தங்கை, நான் என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் முகத்தில் அவன் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றதோ என்று எனக்கு வியர்த்தது.

"பார்க்க முடியாத சொல்லெல்லாம் மனசுல ஒரே இடத்துல இருக்கும்னு நினைச்சேன். இவருக்குச் சிலது போயிருக்கு, சிலது உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் டாக்டர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அவனுக்குப் பேச்சு வரவேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டதும் நான்தான். வந்துவிடுமோ என்று பயந்ததும் நான்தான்.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி, தரை தேஞ்சிரப் போகுது" என்றார் டாக்டர்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் டாக்டர் 'நம்பிக்கை' என்றார்.

அவன் இடுப்பைத் தடவித் தேடினான். கயிறு இல்லை. என் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தான். கண்ணில் கோபம் துளியும் இல்லை.

"அண்ணே, அவிய எதுக்கு ஒன் துண்ட இழுக்காவ?" என்றாள் தங்கை.

"அன்னைக்கும் இப்படித்தான் இழுத்தான் ஏளா. வீம்பு பேசிக்கிட்டு நான்தான் தூக்காம விட்டுட்டேன்."

"வெளிய போ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எழுந்தேன். அவன் துண்டை விடவில்லை.

பேச்சும் எண்களும் அவனுக்குத் திரும்பி வர மழைக்காலம் ஆயிற்று. தங்கை என்னிடம் பேச அதற்கு மேலும் ஆயிற்று. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இப்போதும் யாராவது 'நம்பிக்கை' என்று சொன்னால் தோளில் துண்டு இரண்டு முறை இழுபடுகிறது; எவ்வளவு பெரிய பேச்சு பேசிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.