மாப்பிள்ளையாக வந்த சென்டர் ஃபார்வர்டு

ஜொகூர் பாரு தெப்ராவில் என் மகன் வீட்டில் பந்தாட்டம் உள்ள நாளில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. மகனும் மருமகனும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கள் ஜொகூர் குழுவில் யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை அனுப்பிவிட வேண்டும், யாரை வாங்க வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். போன வாரம் மருமகன் தொடையில் தட்டிச் சொன்னார்: "முன்னால ஒரே ஒரு நல்ல ஆள் வந்தா போதும் மச்சான். கப்பு நமக்குத்தான் லா!"

கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். இதே பேச்சை ஒன்பது வயதில் கேட்டவள் நான். என்ன நினைப்பில் இருக்கிறேன் என்று மகன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். "அம்மாவுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்" என்று அவன் சிரித்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் ஒரு குழு ஆள் வாங்குவது எப்படி என்று அவனுக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

அப்போது நாங்கள் கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால் வெட்டுபவர். தோட்டத்துக் குழுவுக்குக் கேப்டன், வலது பேக். சித்தப்பா சென்டர் ஃபார்வர்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தோட்டம் மூன்று வருடமாகத் தொடர்ந்து எங்களைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிருந்தது. சந்தைக்குப் போனால் அக்கரைப் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பால் டின்னைத் தூக்கிக் காட்டுவார்கள். "இந்தா உங்க கப்பு, எடுத்துக்கிட்டுப் போ!" என்பார்கள். ஒருமுறை அந்த டின்னைப் பிடுங்கி ஒருத்தன் தலையில் அடித்துவிட்டு வந்தேன். அதற்காக அம்மா என்னை அடித்தார். அப்பா அடிக்கவில்லை.

நாலாவது வருடம் அப்பா ஆள் தேடக் கிளம்பினார். மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒருவர் இருப்பதாகவும், அவர் காலில் பந்து பட்டால் வலை கிழியும் என்றும் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துக் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்தார். கணக்குப்பிள்ளை வேலைதான் என்றாலும், துரையிடம் நேராகப் பேசக்கூடிய ஒரே தமிழர் அவர்தான்.

அந்த மனிதரைப் போல ஆடுகிறவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உயரமாக, கருப்பாக, எண்ணெய் தேய்த்த உடம்பாக இருந்தார். மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் ஒரு கோல், தலையால் முட்டி ஒரு கோல். அப்பா கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பாதி ஆட்ட இடைவேளையில் அப்பாவும் கிராணியும் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமாக வளர்ந்த லாலாங் புல்லுக்குள் இருந்தேன். அந்த மனிதர் தன்னோடு ஆடிய இளைஞன் ஒருவனைச் சட்டையைப் பிடித்து அங்கே இழுத்து வந்தார். அவன் கொடுத்த பந்து தவறிப் போயிருந்தது. புறங்கையால் அவன் வாயில் ஓர் அறை. சத்தமில்லாமல் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அந்த இளைஞன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். திரும்பிய பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார். உடனே சிரித்து, கையிலிருந்த ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து நீட்டினார். வாங்கித் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் எங்கள் லயத்து வீட்டின் முன்தாழ்வாரமான அஞ்சடியில் குழு முழுக்கக் கூடியது. அப்பா சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மைதானம் வரைந்து, பதினோரு ரப்பர் கொட்டையை வைத்தார். அந்தக் காலத்தில் இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு. எங்கள் கோல்கீப்பர் நல்ல பருமன். அவருக்காக வைத்த கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் இவ்வளவு சின்னதாவா இருக்கேன்? வேற கொட்டை வைங்க" என்றார்.

"அடுத்த தடவை தேங்காயே வைக்கிறேன். நீ பந்தப் புடி, போதும்."

"நான் எங்க புடிக்கிறது? முன்னால உங்க தம்பி அடிக்கிற அடியெல்லாம் ஆத்துக்குள்ள போவுது. பந்து தேடவே பாதி ஆட்டம் முடிஞ்சிருது லா."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. போன வருடம் பெனால்டியைத் தவறவிட்டது அவர்தான். "அப்ப என்னைய எடுத்துருங்க" என்றார்.

"எடுக்கலடா. உன்னை இடது ஓரத்துக்குத் தள்ளுறோம்" என்று அப்பா கொட்டையை நகர்த்தினார். "நடுவுல அவரு. இடது ஹாஃப் இன்னும் மேல ஏறி ஆடணும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "இடது ஹாஃப ஏன் மேல ஏத்துறீங்க? போன வருசம் அந்த ஓட்டை வழியாத்தான ரெண்டு கோலும் வந்துச்சு."

அது அத்தை, அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயது. அப்பாவோடு காலையில் பால் வெட்டப் போய், மத்தியானம் குழுவின் சட்டைகளைத் துவைத்து, கிழிந்த வலையையும் பின்னிக் கொடுப்பவள். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பிறகு கோல்கீப்பர், "அது சொல்றது சரிதாண்ணே" என்றார். அப்பா முனகிக்கொண்டே கொட்டையைக் கீழே இறக்கினார்.

அதற்குப் பிறகுதான் கிராணி பேசினார். தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருப்பவர்கள் மட்டும்தான் கோப்பைக்கு ஆடலாம். வேலைக்கு ஆள் போதும், புதிதாக ஒருவரையும் எடுப்பதில்லை என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"அலமாக்! அப்ப இவ்வளவு நேரம் பேசினது?" என்றார் கோல்கீப்பர்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கிராணி. "நம்ம தோட்டத்துப் பிள்ளைய கட்டிக்கிட்டு இங்க வந்தா, மாப்பிள்ளைன்னு துரை பேர் போட்டுக் குடுப்பாரு. எப்பவும் நடக்கிறதுதான். மாசம் முடியறதுக்குள்ள கல்யாணம் முடியணும், அவ்வளவுதான். அந்த ஆளுகிட்ட பேசிட்டேன். அவரு சரின்னுட்டாரு."

எல்லோரும் தரையில் இருந்த கொட்டைகளையே பார்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் கல்யாண வயதில் இருந்த பெண்கள் மூன்று பேர். ஒருத்திக்கு நிச்சயமாகிவிட்டது. இன்னொருத்தி கிறிஸ்துவ வீட்டுப் பெண்.

உள்ளே சட்டி ஒன்று சற்றுப் பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகு அம்மா, "அதுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் என்ன கட்டாயமா படுத்துறேன்? நல்ல ஆளு, கள்ளு குடிக்கிறதில்லையாம். நாளைக்குக் காலையில பெரட்டுல கிராணிக்குப் பதில் சொல்லணும். வேணாம்னா அதுக்குள்ள சொல்லட்டும்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. ஆக, அத்தைக்கு இருந்தது ஒரு பொழுது.

விளக்கேற்றும் நேரத்தில் அத்தை என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். குழுவின் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் பிழிந்து கொடுத்தேன். மூன்று சட்டை முடிந்த பிறகு கேட்டாள்.

"நீ ஆட்டம் பாத்தல்ல?"

"பாத்தேன் அத்தை. ரெண்டு கோலு! ஒண்ணு தலையால!"

"அது இருக்கட்டும். கூட ஆடுறவன் பந்தத் தப்பா விட்டுட்டா, அவரு என்ன செய்வாரு?"

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கிறது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. லாலாங் புல், அந்த இளைஞனின் உதடு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சொன்னால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் சித்தப்பா பந்தை ஆற்றுக்குள்தான் அடிப்பார். அக்கரைப் பிள்ளைகள் நாலாவது வருடமும் டின்னைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் கணக்குப் பண்ணினேன்.

"தோள்ல தட்டிக் குடுத்தாரு அத்தை. 'பரவால்ல தம்பி, அடுத்ததப் பாரு'ன்னு சொன்னாரு."

"நெசமாவா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சொன்னேன். "நெசமாத்தான். அப்புறம் அவனுக்கு ஆரஞ்சுகூட குடுத்தாரு."

அத்தை கையிலிருந்த சட்டையை மறுபடியும் ஒருமுறை அலசினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "சரி" என்றாள். அவ்வளவு பெரிய பொய்யைத் தடுமாறாமல் சொன்னதில் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் குழுவுக்கு முதல் கோலை நான் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒருவர் பந்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் செக்ரோலில் பெயர் ஏறியது.

இறுதி ஆட்டம் கோத்தா திங்கித் திடலில். இரண்டு தோட்டத்து லாரிகளும் வந்து நின்றன. கல்யாணப் புடவையில் அத்தை என் பக்கத்தில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. புதுப்பெண் அப்படித்தான் என்றார்கள், நானும் நம்பினேன்.

அக்கரை முதலில் ஒரு கோல் போட்டது. இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அந்த மனிதர் ஒன்று திருப்பிக் கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். இடது ஓரத்தில் சித்தப்பாவுக்குப் பந்து வந்தது. மாமா நடுவில் கையைத் தூக்கிக் கத்தினார். சித்தப்பா அவசரப்பட்டு அடிக்க, பந்து நேராக எதிராளி காலுக்குப் போனது. அவர்கள் எங்கள் கோல் வாய்வரை வந்துவிட்டார்கள். பருமனான எங்கள் கோல்கீப்பர் எப்படியோ வயிற்றைக் கொடுத்துத் தடுத்து, பந்தை வெளியே தள்ளினார்.

பந்து எடுக்கப் போன அந்த இடைவெளியில் மாமா ஓரக்கோட்டுக்கு ஓடி வந்தார். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே. புறங்கையால் சித்தப்பாவின் வாயில் அடித்தார்.

எங்கள் லாரி ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. சித்தப்பா உதட்டில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கேப்டன். அடி வாங்கியதோ அவரோடு கூடப் பிறந்த தம்பி. அப்பா ஒரு கணம் நின்றார். "ஆட்டத்தப் பாருங்கடா! கார்னர்!" என்று கத்திக்கொண்டு கோல் பக்கம் ஓடிவிட்டார்.

அத்தை சித்தப்பாவைப் பார்க்கவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கோல்கீப்பர் இந்தக் கார்னரையும் தடுக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

தடுத்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் மாமா இரண்டாவது கோலைப் போட்டார். கிராணி வேட்டி அவிழ்வது தெரியாமல் ஆடினார். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். தூக்கியவர்களில் சித்தப்பாவும் ஒருவர். உதடு வீங்கியிருந்தது. நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. சந்தோஷத்தில் திகைத்து நிற்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து வடக்கே ஒரு தோட்டம் மாமாவைக் கேட்டது. எங்கள் குழுவில் மறுபடியும் கூடிப் பேசினார்கள். கால் முன்னைப் போல் இல்லை, விட்டுவிடலாம் என்று முடிவானது. செக்ரோலிலிருந்து இரண்டு பெயர்களை அடித்தார்கள். ஒரு இரும்புப் பெட்டியோடு அத்தை லாரியில் ஏறினாள். நன்மை தின்மை என்று வீட்டு விசேஷங்களுக்கு வரும்போதெல்லாம் நீளக் கை ரவிக்கைதான் போட்டிருப்பாள். அந்தக் குழாயடிப் பேச்சை அவள் சாகும்வரை என்னிடம் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாதவள் நான். அவளிடமாவது குனிந்திருக்கலாம்.

அன்றைக்கு அஞ்சடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இரண்டு மணி நேரம் அந்த மனிதருடைய வலது காலைப் பற்றியும் இடது காலைப் பற்றியும் பேசினார்கள். அவர் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அத்தை மட்டும்தான் கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு அந்த லயத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளையோ, ஆட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டு, தன் குழு ஜெயிப்பதற்கான பதிலைச் சொன்னது.