ரெண்டு பேருக்கான சட்டி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லினன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடித்தளத்தில் இருக்கிற லினன் ரூமில் வேலை. சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் கவுன் எல்லாவற்றையும் உதறிப் பார்க்க வேண்டும். கிழிந்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மடித்து, வார்டு வாரியாகத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். விரிப்பைக் கையில் எடுத்ததுமே அது எந்த வார்டுக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதையும் யாரும் கேட்டதில்லை. ஐம்பத்தொரு வயசில் தோள் இரண்டும் காலையிலேயே கடுக்க ஆரம்பித்துவிடும். ஆறு மணிக்கு இறங்கினால் மூன்று மணிக்குத்தான் வெளிச்சம் பார்ப்பாள்.

கேன்டீனை இடித்துக் கட்டுகிறோம் என்று மூடியதிலிருந்து, ஆம்புலன்ஸ் கேட்டுக்கு எதிரே இருந்த கொரியன் கடையில்தான் சாப்பாடு. எட்டு மேஜை. சுவரெல்லாம் சாப்பாட்டுப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நம்பரைச் சொன்னால் போதும், விலையும் கையைக் கடிக்காது. முதல் நாள், மேஜைக்கு அடியில் இருக்கிற டிராயரில்தான் ஸ்பூன் இருக்கும் என்று தெரியாமல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வந்தன. காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, இனிப்பும் உப்புமாக உருளைக்கிழங்கு.

"நான் இதெல்லாம் கேக்கலையே."

"இது சும்மா. தீந்தா இன்னும் தரேன்" என்றாள் கடைக்காரம்மா.

கேட்காமல் ஒன்றைக் கொண்டுவந்து தன் முன்னால் வைத்தார்கள் என்பது அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்வரை அவளுக்கு ஆச்சரியமாகவே இருந்தது.

எப்போதும் ஏழாம் நம்பர்தான். சூடான கல் கிண்ணத்தில் சோறும் காய்களும், மேலே ஒரு முட்டை. ஆனால் கண் போவதெல்லாம் பதினாலுக்கு. மேஜையிலேயே அடுப்பை வைத்து, அகலச் சட்டியில் டோஃபு, காளான், சாசேஜ், நூடுல்ஸ் எல்லாம் சிவப்பாகக் கொதிக்கும். ஒரு நாள் துணிந்து கேட்டும்விட்டாள்.

"பதினாலு ரெண்டு பேருக்கு. ஒருத்தருக்குக் கிடையாது."

"பாதி சட்டி தாங்களேன்."

"பாதிச் சட்டி எங்க விக்குது?" என்று கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்தப் புதன்கிழமை மழை. சலவை மெஷின் ஒன்று படுத்துவிட்டதால் ஈரத் துணி இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடையில் மழைக்கு ஒதுங்கியவர்களின் கூட்டம். அவளுக்கு எதிரே இருந்த நாற்காலி ஒன்றுதான் காலி. கதவு திறந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் ஃபிளாஸ்க், கழுத்தில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்குத் தரும் மஞ்சள் அட்டை, நாலு நாள் சீப்பு படாத தலை. மஞ்சள் அட்டை என்றால் நாலாவது மாடி, மூளை நரம்பு வார்டு. அட்டையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

நாத்தனார். புருஷனின் ஒரே தங்கை.

இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மாமியாரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவள் லினன் அக்கா. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில், நினைவு தப்பி. ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் உயிர் போய்விட்டது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் நாத்தனார், "ஊருக்கெல்லாம் படுக்கை விரிக்கிறவங்க எங்கம்மாவைத் தனியா விட்டுட்டாங்க" என்று சொன்னாள். அதோடு சரி. லாரி ஓட்டுகிற புருஷன் இரண்டு பேருக்கும் தனித்தனியாக போன் பண்ணுவார். ஒருத்தியின் பேச்சை இன்னொருத்தியிடம் எடுப்பதை அவரும் எப்போதோ விட்டுவிட்டார்.

நாத்தனார் திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள் கடைக்காரம்மா அவள் முழங்கையைப் பிடித்துக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். பிறகு லினன் அக்காவைப் பார்த்து, லாட்டரி விழுந்தவளிடம் சொல்வதுபோல, "இப்ப ரெண்டு பேர்! பதினாலு?" என்றாள்.

இருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. அடுப்பு வந்தது, சட்டி வந்தது.

நாத்தனார் ஸ்பூனைத் தேடினாள். லினன் அக்கா டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

"யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"அவருதான் அண்ணி. பக்கவாதம். பதினோரு நாளாச்சு." ஃபிளாஸ்க்கை மேஜைக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன்" என்றாள்.

பதினோரு நாளாக அந்த மனுஷன் படுத்த விரிப்பு தன் கைவழியாகத்தான் போய்வந்திருக்கிறது என்று லினன் அக்கா நினைத்துக்கொண்டாள்.

"நூடுல்ஸை முதல்ல எடு. ஊறினா கூழாயிடும்."

நாத்தனார் சாப்பிட்டாள். பிஸ்கட்டும் டீயுமாக நாட்களை ஓட்டியவள் சாப்பிடுகிற வேகம். மூக்கு ஒழுகியது. அது காரத்தால் மட்டும் இல்லை.

"தூங்கவே விடமாட்டேங்கறார். யாரையோ கூப்பிடறார், போய் நின்னா நீ யாருங்கறார். ஊட்டினா துப்பறார்." ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நேத்து கையைத் தட்டிவிட்டேன் அண்ணி. ஓங்கித் தட்டிட்டேன்."

சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. லினன் அக்கா அடுப்பைக் குறைத்தாள்.

"நானும் தட்டியிருக்கேன். உங்கம்மா கையை."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஊரே ரெண்டுபட்டிருக்கும். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை மோதிரம் பட்டுச் சிவந்துபோச்சு. அன்னைக்கு லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"யார்கிட்ட சொல்றது?"

நாத்தனார் காலிக் கிண்ணத்தை எடுத்து, "அந்த முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்சம் கேட்டா தருவாங்களா?" என்றாள்.

"தருவாங்க. சும்மாதான்."

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மேஜையில் வரவே இல்லை. சட்டியின் அடி தெரிகிறவரை சாப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது லினன் அக்கா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ரெண்டு மணி நேரம் அவர்கிட்ட உக்காருறேன். வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா. அதுக்கு மேல என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள். நோயாளி கண்ணைத் திறந்து, "யாரு நீ?" என்றார்.

"உங்க மச்சான் பொண்டாட்டி."

"அவ பொல்லாதவளாச்சே" என்றார் குழறலாக.

"அவளேதான். வாயைத் திறங்க."

துப்பினார். மறுபடி ஊட்டினாள். விரிப்பு நனைந்தபோது, அவரை ஒருக்களித்துச் சாய்த்துப் பழையதைச் சுருட்டிப் புதியதை விரித்தாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்தவர் வாயைப் பிளந்து பார்த்தார். நாத்தனார் வந்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

"ரெண்டு மணி நேரம்னுதானே சொன்னேன்?" லினன் அக்காவுக்கு நிஜமாகவே கோபம்.

"தூங்கிட்டேன் அண்ணி."

"தெரியுது. மூஞ்சியெல்லாம் வீங்கிக் கிடக்கு."

அந்த வாரம் புருஷன் வழியில் எங்கேயோ லாரியை நிறுத்திவிட்டு போன் பண்ணினார். "என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களாமே?"

"பேசலை. சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நாற்பது நாள் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை வரவில்லை, பேச்சு பாதி வந்தது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லினன் அக்கா இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போகிறாள். போகிற வழியெல்லாம் முனகிக்கொண்டுதான் போகிறாள். நாத்தனார் கதவைத் திறந்துவிட்டு, அவரை அண்ணியிடம் விட்டுவிட்டு உள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.