கிணத்து வூடும் பாறை வூடும்

என் வீட்டுக்காரர் குருநாதன் அரியலூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் தள்ளி நிற்பார். சொந்தக்காரர்களின் பேர்களை எழுதி வைப்பதில் மட்டும் ஆசை அடங்காது. காதுகுத்துக்குப் போனாலும் நோட்டோடுதான் உட்காருவார். அதைச் சுத்தமாகப் படியெடுப்பது நான். எட்டாவதோடு நின்றவள், ஆனாலும் என் எழுத்து அவருக்குப் பிடிக்கும்.

அதையெல்லாம் அவர் இங்கிலீஷ் எழுத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். 1988இல் சிங்கப்பூர் உறவுக்காரர் ஒருவர் வம்சம் வரையும் புரோகிராம் அனுப்பினார். அதற்கு ஆளின் பேரும் தகப்பன் பேரும் மட்டும் போதும். ஏற்றியிருந்த எண்ணூறு வரியையும் அதற்கேற்ப மாற்ற என் வீட்டுக்காரர் ஒரே கட்டளை எழுதினார். சாப்பிடும்போது எனக்கு விளக்கினார்.

"மகன்னு வர்ற இடத்துக்கு முன்னாடி என்ன இருந்தாலும் அது அப்பன். பின்னாடி கமா வரைக்கும் என்ன இருந்தாலும் ஆளு. அதுக்கப்புறம் இருக்கறது குப்பை, அழிச்சிடு. அவ்வளவுதான்."

அவர் அக்கா பொன்னம்மாளின் மகள் லீலாவதிக்கு இருபத்தாறு வயது. மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. வேப்பந்தட்டை ராசாங்கத்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பேசி முடிக்க அவர்கள் வந்த அன்று, முறை சரிதான் என்று காட்ட இவர் கம்ப்யூட்டரில் அச்சடித்த வம்சத் தாளை விரித்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பிச்சைமுத்துவின் விரல் ஓரிடத்தில் நின்றது. "ஏப்பா, ரெண்டு பேருக்கும் முப்பாட்டன் ஒரே அய்யம்பெருமாளா? அப்ப அண்ணன் தங்கச்சில்ல ஆவுது!"

"குலசாமி வேற வேறங்களே," என்றார் பொன்னம்மாள்.

"பஞ்சத்துல ஊரு மாறுனவங்க சாமியையும் மாத்தியிருப்பாங்கம்மா. மிசினு பொய் சொல்லுமா?"

காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். லீலாவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் நோட்டைப் பிரித்தேன். எங்கள் பக்கம் மூத்த பிள்ளைக்குப் பெருமாள் பேர் வைப்பார்கள். தெருவுக்கு நாலு அய்யம்பெருமாள் இருப்பார்கள். வீட்டு அடையாளம் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும். கமாவுக்குப் பின்னால் ஒரு அய்யம்பெருமாளுக்குக் கிணத்து வூடு, மற்றவருக்குப் பாறை வூடு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"நீங்க குப்பைன்னது இதைத்தாங்க," என்றேன்.

நோட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார். "தப்பு என்னோடது. நான்தான் போய்ச் சொல்லணும்," என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, என்னையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு வேப்பந்தட்டைக்குப் பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். "மிசினு பொய் சொல்லலீங்க. நான்தான் ரெண்டு பேரை ஒருத்தரா ஆக்கிட்டேன்."

"எங்க பாட்டனை அழிக்கத்தான் உனக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்றார் பிச்சைமுத்து.

இவர் நோட்டை விரித்து நீட்டினார். பெரியவர் அந்த இரண்டு வரியையும் மூன்று தடவை படித்தார். "பாறை வூடு... ஆமா, எங்க ஆளுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "உக்காரு தாயி. வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கோட வரோம். இவன அந்தத் தாளை மட்டும் கொண்டார வேணாம்னு சொல்லு."

திரும்பும்போது நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனோம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, நடந்ததை ஒன்று விடாமல் இவர் சொன்னார். கட்டளை, கமா எல்லாவற்றையும். அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மாமா?" என்றாள் லீலாவதி.