வால்வு சூடாகிற வரைக்கும்

வால்வு ரேடியோவைப் பழுது பார்ப்பது என்பது, செத்துப் போனவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, கூட்டிக்கொண்டு போக ஆள் வராமல் அவரோடு நாமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற தொழில்.

பழைய சாமானைப் பழையபடியே ஓட வைக்கப் பார்த்துப் பேச்சு வாங்கினவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தையல் மிஷினாக இருக்கலாம், சுவர்க் கடிகாரமாக இருக்கலாம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணத்துக்கு முன்னால் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைக்கு ஈர ஸ்பாஞ்சால் ஓரம் துடைக்கிற வேலை. கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும். அதில் கைக்கு நிதானம் வந்துவிட்டது. வாய்க்குத்தான் வரவில்லை. யாராவது நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஜங்ஷன் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகள் கயல் பிறந்த பிறகு நானும் கடைக்கு வந்து, ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே அவரிடம் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்ட்ரிங் கற்றுக்கொண்டேன். பழைய இரும்புக் கடையில் வால்வு ரேடியோ கிடைத்தால் அவர் வாங்கி வருவார். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, சின்னதாக ஒரு ப்ளூடூத் போர்டும் நீல லைட்டும் வைப்பார். போனில் இருக்கிற பாட்டு பெட்டியில் பாடும். அதற்குத்தான் கிராக்கி. எனக்கு அந்தப் பிடுங்கின குடலைப் பார்க்க மனசு வரவில்லை. சில பெட்டிகளை அவர் கை படாமல் அலமாரியில் அடுக்கி, மூலையில் ஒரு மேசையையும் பிடித்துக்கொண்டு, அவற்றை ரேடியோவாகவே பாட வைக்க உட்கார்ந்துவிட்டேன்.

கடையோ தீப்பெட்டி அளவு. ஒரு நாள் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஆயுத பூஜை முடியறதுக்குள்ள ஒருத்தராச்சும் 'எனக்கு ரேடியோவாவே வேணும்'னு எடுத்துக்கினு போவட்டும், மேசை உனக்கு. இல்லன்னா மேசையும் எனக்கு, அலமாரில இருக்கற பொட்டிங்களும் எனக்கு. சண்டையே வாணாம்."

முதல் ஆள்

கருவேப்பிலங்குறிச்சியில் இருந்து ஒரு பம்புசெட்டுக்காரர் வந்து, அலமாரியில் இருந்ததிலேயே அழகான பெட்டியைக் காட்டிக் கேட்டார். போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். மேசை என்னுடையது என்று அன்றைக்குப் புதுத் துணி போட்டுத் துடைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். பெட்டி அவர் துண்டுக்குள் குழந்தை மாதிரி இருந்தது. "போட்டேன், ஊமையா இருக்குது. ரெண்டு தட்டு தட்டினேன், அப்பயும் ஊமையாத்தான் இருக்குது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் வாங்கி சுவிட்சைப் போட்டேன். வால்வு என்பது பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே இருக்கிற கம்பி சிவந்து சூடேறினால்தான் சத்தம் வரும். அடுப்புப் பற்றவைத்த உடனே சோறு வெந்துவிடுமா? கொஞ்ச நேரத்தில் மெல்ல நாதஸ்வரம் எழும்பி வந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தம் வர்ற வரைக்கும் நான் இன்னாம்மா பண்றது, அது மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருக்கணுமா?"

ஓட்டல்காரர்

அந்தப் பெட்டிக்கு என் வீட்டுக்காரர் உடனே போர்டு மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் பாடுகிறதாம், பம்புசெட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷமாம். நான் அடுத்த பெட்டியை எடுத்தேன்.

வேப்பூரில் ரோட்டோரமாக ஓட்டல் வைத்திருப்பவர் காரில் வந்து இறங்கினார். கல்லாப் பக்கத்தில் வைக்க ஒரு பழைய ரேடியோ வேண்டும் என்றார். "இதுவா? ஒரிஜினலா? ஒண்ணும் மாத்தலையே?" என்று கேட்கக் கேட்க நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். இப்படிக் கேட்டவர் அதுவரை ஒருத்தரும் இல்லை. பின்பக்கத் தட்டியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வால்வுகள் வரிசையாக எரிவதைக் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்தும் பார்த்தார். ஜாண் வைத்து அகலம் அளந்தார். வாழ்க்கையில் ஒரு தரம் நானாக வாயைத் திறந்து, "நல்லா பாடுதுங்க" என்றேன்.

"பாடறது கெடக்கட்டும்மா, மீனு வுடலாம்னு பாக்குறேன், உள்ள எவ்ளோ தண்ணி புடிக்கும்?"

மங்கலம்பேட்டை பாய்

அதற்கப்புறம்தான் மங்கலம்பேட்டையில் இருந்து பாய் வந்தார். துணிக்கடைக்காரர். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினது அவர் வீட்டுச் சொந்தப் பெட்டி. தேக்குக் கட்டை, முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு குமிழ். ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று ஸ்டேஷன் பிடிக்க. பெட்டி பாடி ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

அவர் மனைவிக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டதாம். மகன் துபாயில் இருந்து விலை உயர்ந்த போன் அனுப்பினான். தடவினால் ஒன்று திறக்கிறது, தடவாவிட்டால் இன்னொன்று திறக்கிறது, அந்தம்மா அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். பாய் சின்ன டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தார். வைத்த இடம் தெரியாமல் வீடு முழுக்கத் தடவித் தேடுகிறார்களாம். "இது எங்கயும் போவாது தங்கச்சி. வச்ச எடத்துல இருக்கும். கண்ணு இருந்தப்ப அவளே திருப்பித் திருப்பிக் கேட்ட பொட்டி" என்றார். என் வீட்டுக்காரர் இதுதான் சமயம் என்று ப்ளூடூத்தை எடுத்துச் சொன்னார். பாய் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அவ கை போற எடத்துல குமிழு இருந்தாப் போதும்மா, மத்தது உங்க இஷ்டம்."

மல்லாட்டை

அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பல்லிக் குடும்பமே வாழ்ந்து முடித்திருந்தது. தூசியை பிரஷ்ஷால் தட்டி, இளகிப்போன மெழுகுக் கண்டன்சர்களை எடுத்துப் புதுசு வைத்தேன். ஸ்டேஷன் முள்ளை இழுக்கிற நூல் இற்றுப் போயிருந்தது. தூண்டில் நரம்பை வாங்கி வந்து, கப்பி கப்பியாகச் சுற்றிக் கட்டினேன். கட்டக் கட்ட நழுவும். கயல் வேறு மேசைக்கு அடியில் இருந்து அதைப் பிடித்து இழுப்பாள். வெறும் 'ங்ங்' என்ற உறுமல் மட்டும் பல நாள் வந்துகொண்டிருந்தது. கயல் அதைக் கேட்டுக் கேட்டு, சோறு ஊட்டும்போது அதே மாதிரி உறும ஆரம்பித்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், உறுமலுக்கு நடுவில் ஒரு மனுசக் குரல் கேட்டது. குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். குரல் தெளிந்து கடை முழுக்க நிறைந்தது. நிலக்கடலையில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று யாரோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மிக்ஸி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.

"மல்லாட்டைக்கு மருந்தடிக்கிறது எப்படின்னு எங்கப்பனக் கேட்டா அவரே சொல்லியிருப்பாரே, இதுக்கா இவ்ளோ பாடு?"

எரிகிற விளக்கு

பூஜைக்கு மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாக பாய் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரும், "சரி, ஜெயிச்சிட்ட" என்று சொல்லிவிட்டார். பூஜை அன்றைக்குக் கடையைக் கழுவி, டெஸ்டர், கட்டிங் பிளேயர், மீட்டர் எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி வைத்தோம். என் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். "உன் பொட்டியில சாமி பாட்டு வைம்மா, கேப்போம்" என்று ஆசையாகக் கேட்டார்கள். அவர்கள் என்னிடம் ஆசையாக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. வைத்தேன். பின்பக்கத் தட்டி இன்னும் மாட்டவில்லை. வால்வுகள் எல்லாம் அகல் ஏற்றினது மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

அத்தை ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்கள். மீட்டருக்கு, சால்ட்ரிங் ராடுக்கு, கல்லாவுக்கு. அப்படியே பெட்டிக்குப் பின்னால் போனார்கள். "அத்தே" என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. வெளியே வருவதற்குள், தண்ணியாகக் கரைத்த சந்தனத்தை இருப்பதிலேயே பெரிய வால்வின் தலையில் வைத்துவிட்டார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. கொதிக்கிற கண்ணாடியில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று பீங்கான் ஊரில் பிறந்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வால்வின் உச்சியில் ரசம் பூசினது மாதிரி மின்னுகிற இடம், என் கண் முன்னாலேயே பால் மாதிரி வெளுத்துக்கொண்டே போனது. காற்றே இருக்கக்கூடாத குழலுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். உயிர் போய்விட்டது என்று அர்த்தம். அத்தை சுட்டுக்கொண்ட விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினார்கள். பாவம், கெட்ட மனசு இல்லை.

"குத்துவெளக்கு எரியறப்ப பொட்டு வைக்கறதில்லையா, இது மட்டும் இன்னாத்துக்குடி வெடிக்குது?"

போன்

அலமாரியில் இருந்த மற்ற பெட்டிகளின் வால்வை எல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஒன்றின் கால் இந்தப் பெட்டியின் ஓட்டையில் சேரவில்லை. கால் சேர்ந்ததற்கு உள்ளே இருக்கிற வயிறு வேறு. பாய்க்குப் போன் பண்ணிக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொன்னோம். சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கிறவர்கள் நம்பரையெல்லாம் வீட்டுக்காரர்தான் தேடிக் கொடுத்தார். நான் வால்வு நம்பரைச் சொல்லச் சொல்ல, எதிர்ப்பக்கம் சிரிப்பார்கள். ஒருத்தர், "வூட்ல ஆம்பளைங்க இருந்தா போனைக் குடும்மா" என்றார். கொடுத்தேன். ஆம்பளைக்கும் அந்த வால்வு இல்லை.

என் வீட்டுக்காரர் பாயிடம் நடந்ததை மறைக்கவில்லை. பாயும், "அல்லா விட்ட வழி, எதுவோ ஒண்ணு பாடினாச் சரி" என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் பெட்டியைத் தன் மேசைக்கு எடுத்துப் போனார். நான் சுற்றிக் கட்டின தூண்டில் நரம்பை ஒரே வெட்டில் அறுத்தார். நான் கயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும்.

"பாயே குமிழு இருந்தாப் போதும்னுதான சொன்னாரு, குமிழுங்க ரெண்டையும் அப்படியே வுட்டுட்டேன் பாரு."

குமிழ்

பாய் மனைவியையும் ஆட்டோவில் கூட்டிவந்தார். வெள்ளைத் துப்பட்டியில் மெலிந்த அம்மா. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். என் வீட்டுக்காரர் தன் போனைத் தொட்டார். உடனே, ஒரு நொடி காத்திருக்காமல், கணீரென்று பாட்டு வந்தது. வால்வு இருந்த இடத்தில் நீல லைட்டு மின்னி மின்னி ஆடியது. பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லா, என்னா சத்தம்!" என்றார். வீட்டுக்காரர், "போன் மட்டும் பக்கத்துல இருக்கணும் பாய்" என்றார்.

அந்தம்மா பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. பெட்டியின் தலையைத் தடவி, ஓரத்தைத் தடவி, கை தானாகக் கீழே இறங்கியது. இடது கைக்குச் சத்தக் குமிழ் கிடைத்தது. அதை வீட்டுக்காரர் போர்டோடு சேர்த்திருந்தார். சத்தம் குறைந்தது, கூடியது. அந்தம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. அப்புறம் வலது கை ஸ்டேஷன் குமிழைப் பிடித்தது. மெல்லத் திருப்பினார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். இன்னும் திருப்பினார்கள். இந்தக் கோடி வரைக்கும், திரும்ப அந்தக் கோடி வரைக்கும். அதற்குக் கோடியே இல்லை, பம்பரம் மாதிரி சுற்றியது. அதே பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அந்தம்மா என் மூச்சுச் சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் மனசு நோகக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்கள்.

"குமிழு நல்லா லேசா சுத்துதும்மா, ஆனா எங்கயும் போவ மாட்டேங்குது."

இப்போது அந்த மூலை மேசையில் உட்கார்ந்து நானும் ப்ளூடூத் பெட்டிதான் பூட்டுகிறேன், சூடாகிற வரைக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் சூடாக ஒன்றுமே இல்லை.