சீசன் முடியட்டும் என்றான் அண்ணன்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு ஆடி மாதம், அருவி சீசனில், உடம்புக்கு முடியாமல் போகவே கூடாது. என் அண்ணனுக்குப் போனது. வெளிக்கு இருக்கும்போதெல்லாம் ரத்தம்.

"சூடு பிடிச்சிருக்குட்டி. எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னா அடங்கிரும்" என்றான். எங்கள் பக்கத்தில் மூலம், வயிற்று வலி எல்லாவற்றுக்கும் காரணம் சூடுதான், மருந்து அருவிதான். விடிகாலையில், கூட்டம் சேருமுன் போய் நின்றுவிட்டு வருவான். கொஞ்ச நாள் ரத்தம் நிற்கும். "பாத்தியா?" என்று என்னிடம் ஜம்பம் வேறு. பிறகு மறுபடியும் வரும்.

நான் விடவில்லை. திட்டித் திட்டித் தென்காசி டாக்டரிடம் இழுத்துப்போனேன். அவர் கொலனோஸ்கோப்பி பார்க்கச் சொன்னார். ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை. அண்ணன் முகம் செத்துவிட்டது.

"அசிங்கம்ட்டி! பின்னால குழாய விட்டாகன்னு தெரிஞ்சா லாட்ஜ் வாசல்ல உக்கார முடியுமா? வலியிலயே செத்துருவேன். சீசன் முடியட்டும், பாப்போம்."

சீசன் முடிந்தது. கார்த்திகையில் பார்த்தபோது புற்று ஈரல்வரை போயிருந்தது. அடுத்த சாரலுக்கு அண்ணன் இல்லை. அருவிச் சத்தம் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், அது என்ன செய்யும்!

கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், அண்ணன் மகனுக்கும் முப்பது தாண்டியதும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போனேன். முந்தின நாள் பேதி மருந்தைக் குடித்துவிட்டுக் கக்கூஸே கதி என்று கிடந்ததுதான் கஷ்டம். மற்றபடி ஊசி போட்டார்கள், தூங்கினேன், எழுந்தேன். குடலில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம். பாலிப் என்றார் டாக்டர். விட்டிருந்தால் சில வருஷங்களில் புற்றாக மாறியிருக்கலாமாம். பார்த்த கையோடு, அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்.

"எங்க அண்ணனுக்கும் இவ்வளவுதான் இருந்திருக்குமா, டாக்டர்?"

"ஆரம்பத்துல இவ்வளவுதாம்மா இருந்திருக்கும்."

அங்கிருந்து நேரே இலஞ்சிக்கு, அண்ணன் சம்சாரமான மைனி வீட்டுக்குப் போனேன். அவள் மகனும் இருந்தான்.

"ரொம்ப வலிச்சுதா?" என்றாள் மைனி. ஆமா என்று நான் சொல்ல வேண்டும் என அவள் தவிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆமா மைனி. உயிரே போயிட்டு."

"அதானே! அவுக தாங்கியிருக்கவே மாட்டாக." அண்ணன் போனதிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத நிம்மதி. உடனே மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே, ஒனக்கு அந்தச் சித்திரவதை வேண்டாம்லே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல மைனி, பொய் சொல்லிட்டேன். வலிக்கவே இல்ல. தூங்கிட்டுதான் கெடந்தேன். முப்பது தாண்டினதும் இவன நானே கூட்டிட்டுப் போவேன்."

மைனி என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ, அவுகளும் தூங்கிட்டே இருந்திருப்பாகளா?"

"ஆமா."

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அலறவில்லை.