நாலாம் பாடத்து அப்பா

கான்வென்ட் வராந்தாவில் என் தோழியின் அப்பா நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. மருங்காபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் செருப்பு, தரை அழுக்காகிவிடுமாம். ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக மகளை சிஸ்டர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும்.

அந்த ஒரு நாளுக்காகவே நாங்கள் இருவரும் பாலக்கரையில் ஒரு மாடியில் நடந்த இங்கிலீஷ் ஸ்கூலில் ஒரு வருஷம் படித்தோம். அவள் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து போவேன். பாடங்களை பிரின்சிபாலே எழுதி அச்சடித்திருந்தார். நாற்பது பாடம், பாடத்துக்குப் பத்துக் கேள்வி, கேள்விக்கு ஒரே பதில். நாலாம் பாடத்தில், உன் அப்பா என்ன செய்கிறார் என்பதற்கு, "மை ஃபாதர் இஸ் எ ரயில்வே கிளார்க்." அரிசி மண்டிக்காரர் மகனுக்கும் அப்பா ரயில்வே கிளார்க், அப்பாவே இல்லாத பெண்ணுக்கும் ரயில்வே கிளார்க்.

என் தோழி ஒரே ஒரு முறை எழுந்தாள். "எங்கப்பா வெவசாயம் பண்றாங்க சார். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?"

"புஸ்தகத்துல இருக்கா?" என்றார் பிரின்சிபால்.

"இல்ல சார்."

"அப்ப இருக்கறதச் சொல்லு. கலப்பையெல்லாம் மாடி ஏத்தாத."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

கான்வென்ட்டில் சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னாள். சிஸ்டர் அந்த வேட்டியையும் துண்டையும் ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்ற பிள்ளைக்கு இங்க இடமில்லைங்க" என்றார்.

"எம்மக என்னங்க சொல்லிச்சு?" என்று கேட்டார் அவர். சிஸ்டர் அவள் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தது என் முறை. அதே கேள்விக்கு நானும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். என் அப்பா உண்மையிலேயே பொன்மலை ரயில்வே பட்டறையில் கிளார்க், பேன்ட் போட்டிருந்தார். எனக்கு இடம் கிடைத்தது.

இப்போது ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் அளவு தவறினால் வரைந்தவர், சரிபார்த்தவர், பார்த்தும் பேசாமல் இருந்தவர் என்று வரிசையாகக் கேட்பார்கள். அவள் விஷயத்தில் நான் போட்ட வரிசை: எழுதிய பிரின்சிபால், சரிபார்க்காத சிஸ்டர், வாய் திறக்காத நான். மூவரும் நன்றாக இருக்கிறோம். வரிசையில் இல்லாதவள்தான் ஊருக்குப் போனாள்.

போன மாதம் கைலாசபுரத்தில் இருக்கும் என் அக்கா, தன் மகளைச் சேர்ப்பதற்காக என்னை அதே மாடிக்கு அனுப்பினாள். பிரின்சிபால் புதுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்திட்டேம்மா. நாலாம் பாடம் பாருங்க. அப்பா இப்ப ஃபாக்டரி இன்ஜினீயர்."

"விவசாயி வீட்டுப் பிள்ளை வந்தா?"

"அதுவும் இன்ஜினீயர்னே சொல்லட்டுமே. நல்லாத்தானே இருக்கு?"

வராந்தாவில் நடந்ததை முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். குரல் உயராமல், ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"அந்தப் பொண்ணு பதில சரியாத்தான சொல்லிச்சு?"

"ஓர் எழுத்துப் பிசகாம."

"அப்ப நம்ம பாடத்துல தப்பில்லையேம்மா" என்றார்.