ஜெய்சால்மர் கோட்டையில் நான் விழுந்து படுத்த வீடியோ

முதலில் ஞாபகம் வருவது அந்தக் கல்லின் சூடு. மார்கழி மாதம், காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் அறையை விட்டு வெளியே வரமுடியாத குளிர்... ஆனால் மத்தியானமானால் அந்த மஞ்சள் கல்லெல்லாம் வெயிலைக் குடித்து, இறக்கி வைத்த தோசைக்கல் போல இருக்கும். எனக்கு அது முழங்கைகளால் தெரியும்.

நேற்று மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அம்மா, நீங்களும் அப்பாவும் ஹனிமூன் போன பிளேஸ் இதுதானே? நானும் ஃப்ரெண்ட்ஸும் போகப்போறம்."

"ஓம்" என்றேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு ஹீத்ரோவில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை, ஹவுன்ஸ்லோவில் ஒற்றை அறை வீடு, புதுக் கல்யாணம். கணவர் சுதன் கைக்குழந்தையாக ஜெர்மனிக்குப் போய், அங்கே வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு லண்டன் வந்தவர். நான் பள்ளிக்கூடம் முடியும்வரை யாழ்ப்பாணம். அங்கே என்ன நடந்தது என்று அவர் கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது என்று நானும் இருந்தேன். புகுந்த வீட்டில் எல்லாரையும் போல ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்துவிட வேண்டும்... அதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய ஆசை.

"ஒரு கோட்டையைப் பார்க்கவோ இவ்வளவு தூரம்?" என்று நான் கேட்டதை அவர் பகிடி என்று நினைத்தார். என் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கோட்டை என்றால் ஆமிச் சிப்பாய்கள் இருக்கிற இடம். அங்கிருந்துதான் ஷெல் குண்டு வரும். அதன் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

ஹனிமூனுக்கும் எங்கள் ஆட்கள் தனியே விடமாட்டார்கள். சுதனின் தம்பி கஜனும் கூட வந்தான், புதிதாக வாங்கிய ஹேண்டிகேமோடு. ஒட்டகம், அரண்மனை, அரண்மனைப் படியில் தூங்கிய நாய், எல்லாவற்றையும் எடுத்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. கோட்டைக்குள்ளேயே சனங்கள் குடியிருந்தார்கள். அரசர்கள் நின்று பார்த்த பல்கனி போலவே செதுக்கிய வீட்டுப் பல்கனிகளில் துவாய் காய்ந்தது. ஒடுங்கிய ஒழுங்கையில் மாடு வழிவிடும்வரை ஸ்கூட்டர்கள் காத்து நின்றன. ஒரு கோட்டை என்னை ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அரண்மனைக்கு முன்னால் உள்ள முற்றத்தில் நின்றோம். கீழே ஏதோ கல்யாண ஊர்வலம். ஒரு வாணம் நீளமாகக் கூவிக்கொண்டு வந்தது...

வெடித்தது எனக்குத் தெரியாது. அதற்கு முன்பே நான் நிலத்தில் இருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது நிறையச் செருப்புகள். யாரோ சிரிக்கிறார்கள். சுதன் குனிந்து, "என்னப்பா இது... எழும்பும், எல்லாரும் பார்க்கினம்" என்றார். கஜன் கேமராவை இறக்கவே இல்லை. "மச்சாள் ராசாவுக்கு விழுந்து கும்பிடுறா."

"கால் தடக்கிட்டுது" என்றேன். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. மிச்ச நாள் முழுக்க ஷாலால் மூடிக்கொண்டு திரிந்தேன். அரண்மனைக்குள் என்ன பார்த்தேன் என்று கேட்டால் இன்றும் தெரியாது.

அந்த டேப் எங்கள் சொந்தக்காரருக்குள் பிரபலமாகிவிட்டது. லண்டனின் எட்மண்டன் பகுதியில், சுதனின் அம்மா, என் மாமி வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், கேக் வெட்டி முடிய கஜன் வயரை டிவியில் செருகுவான். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருடம் அம்மா ஊரிலிருந்து வந்தா. மாமி வீட்டுக்கு அம்மா வந்த முதல் நாளே டேப்பைப் போட்டார்கள்.

"பாருங்கோ, உங்கட மகள் இந்தியாவைக் கூட்டித் துடைக்கிறா" என்றா மாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா கதிரையில் முன்னால் நகர்ந்து இருந்தா. "இன்னொருக்கால் போடு தம்பி."

அம்மாவுக்கும் பகிடி பிடித்துவிட்டது என்று கஜனுக்குச் சந்தோசம். ரீவைண்ட் பண்ணிப் போட்டான். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தா.

"முழங்கை ஊண்டியிருக்கு. நெஞ்சு நிலத்திலை முட்டேல்லை. காதும் பொத்தியிருக்கு, வாயும் திறந்துதான் கிடக்கு." என் பக்கம் திரும்பினா. "நல்ல பிள்ளை. நான் சொல்லித் தந்ததை மறக்கேல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. ரிமோட்டைப் பிடித்த கை அப்படியே இருக்க, கஜன் தரையைப் பார்த்தான். மாமி தேத்தண்ணி போடப்போவதாக எழும்பினா. ஏற்கெனவே எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாயிற்று.

அந்த முற்றத்தில் விழுந்து கிடந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கம் வரவில்லை. நான் மூடி வைத்திருந்ததெல்லாம் அந்த வீட்டு ஹோலில், எல்லார் கண்முன்னும் கிடந்தது. அதுவும், பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பார்த்தது போல அம்மாவுக்கு முகத்தில் ஒரு பெருமை. நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனேன்.

அம்மா அன்று மாமி வீட்டிலேயே தங்கிவிட்டா. நாங்கள் இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சுதன் கேட்டார்.

"வாயை ஏன் திறக்கவேணும்?"

"சத்தத்திலை செவிப்பறை வெடிக்காமல் இருக்க."

"ம்" என்றார். அவர் என்னிடம் அதைப்பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகு அந்த டேப்பை யாரும் போடவில்லை. அந்த நவம்பரில், வருடா வருடம் போல லண்டன் முழுக்க வாணம் விட்டபோது, சுதன் வந்து டிவிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, யன்னல் பக்கமாக என் அருகில் இருந்தார். இன்றுவரை அப்படித்தான்.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அன்றைக்கு மாதிரி இன்றைக்கு விழுந்தால், எட்மண்டனோடு நிற்காது...

டேப் அலுமாரிக்குள் இருக்கிறது. போட்டுப் பார்க்க மெஷின்தான் இல்லை. இருந்தாலும் என்ன, அதில் நான் விழுவது மட்டும்தான் இருக்கும். அம்மா காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. "நல்ல பிள்ளை" என்று சொன்ன அந்தக் குரலை அன்றைக்கு யாரும் பதிவு செய்யவில்லை.

மகள் டிக்கெட் போட்டுவிட்டாள். போகமுதல் அவளை ஒருநாள் இருத்தி வைத்துச் சொல்லவேண்டும். எப்படி விழுந்து படுப்பது என்பதை அல்ல... அதை எனக்குப் பாட்டி சொல்லித் தந்தா என்பதை.